பேண்டு பிரிந்துவிட்டது, பாட்டு யாருக்கு?

ஏற்காட்டு ரிசார்ட்டுகளில் சனி, ஞாயிறு மாலைகளில் கிடாரோடு தனியே உட்கார்ந்து பாடும் இளைஞர்களில் பலர், கல்லூரியில் நாலைந்து பேர் பேண்டாக இருந்தவர்கள். பேண்டு உடைந்ததும் சிலர் சேலம் அஸ்தம்பட்டியில் என் வக்கீல் அலுவலகத்துக்கு வருவதுண்டு. கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “சார், பாட்டு நான் போட்டதுங்க. நானே பாடக்கூடாதுன்னு அவனுங்க எப்படிச் சொல்லலாம்?”

ஒரு பாட்டுக்குள் பல உரிமைகள் இருக்கின்றன. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி வரிகளுக்கு ஓர் உரிமை, மெட்டுக்கு ஓர் உரிமை, ஒலிப்பதிவுக்கு வேறோர் உரிமை. ஒலிப்பதிவு, அதற்கு முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்தவருக்குச் சேரும். ஸ்டுடியோ வாடகை கட்டி எல்லா ஏற்பாடும் செய்த நண்பர் அதைக் கேட்டால், அவர் பக்கம் நியாயம் இருக்கலாம். வரியும் மெட்டும் உங்களுடையவை மட்டும்தான் என்றால், பழைய ஃபைலைத் தொடாமல் புதிதாகப் பாடிப் பதிவு செய்துகொள்ளுங்கள். யார் பங்கு எது என்று பிரிக்க முடியாதபடி இருவர் சேர்ந்து மெட்டுப் போட்டிருந்தால் இருவரும் கூட்டு ஆசிரியர்கள். மற்றவரைக் கேட்காமல் மியூசிக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தால் வக்கீல் நோட்டீஸ்தான் வரும்.

வருகிறவர்களுக்கு நான் சொல்லும் கதை அமெரிக்க ராக் பாடகர் ஜான் ஃபோகர்ட்டியுடையது. கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் என்ற அவருடைய பேண்டு 1972இல் கலைந்தது. பாட்டுகளில் பெரும்பாலானவற்றை எழுதிப் பாடியவர் அவர்தான். ஆனால் போட்ட ஒப்பந்தப்படி உரிமை ஃபேண்டசி ரெக்கார்ட்ஸ் என்ற மியூசிக் கம்பெனியிடம். அதிலிருந்து கழன்றுகொள்வதற்காகப் பழைய பாட்டுகளில் தனக்கு வரவேண்டிய ராயல்டியையே விட்டுக்கொடுத்தார். பல வருஷம் அவற்றை மேடையில் பாடவும் மறுத்தார். 1985இல் அவருடைய தனி ஆல்பம் ஹிட்டானதும், ‘புதுப் பாட்டு எங்களிடம் உள்ள பழைய பாட்டின் காப்பி’ என்று அந்தக் கம்பெனி வழக்குப் போட்டது. இரண்டையும் எழுதியவர் அவரேதான்! 1988இல் சாட்சிக் கூண்டில் கிடார் வாசித்துக் காட்டி ஜெயித்தார். (கட்சிக்காரர் கிடார் வாசித்து ஜெயிக்கும் வழக்கு எனக்கு இன்னும் அமையவில்லை.) வக்கீல் செலவு யார் தலையில் என்ற தகராறு உச்ச நீதிமன்றம் வரை போய் 1994இல்தான் தீர்ப்பு வந்தது. பழைய பாட்டுகளின் உரிமையில் பெரும்பங்கு அவர் கைக்கு வந்தது 2023இல்.

நம்மூரில் அவ்வளவு பணம் புழங்குவதில்லை, சரி. ஆனால் ‘ரிலீஸ் பண்ணித் தர்றோம் தம்பி’ என்று நீட்டும் தாளில் படிக்காமல் கையெழுத்துப் போடும் பழக்கம் இங்கும் உண்டு. உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். அதனால்தான் அந்தத் தாள்களில் ‘நிரந்தரமாக, உலகம் முழுவதும்’ என்று எழுதியிருக்கும். அந்த வரியைத் தேடிப் பாருங்கள்.

பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்தால்தான் பதிப்புரிமை என்றில்லை. ஆனால் தகராறு வந்தால் சாட்சியம் வேண்டும். மெட்டை முதன்முதலில் முணுமுணுத்து அனுப்பிய வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டை அழிக்காதீர்கள், அந்தப் போனையும் எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள். 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி, அந்த வாய்ஸ் நோட்டின் நகலை நீதிமன்றத்தில் கொடுக்கச் சான்றிதழும் சேர்க்க வேண்டும்.

பேண்டின் பெயர் தனிக் கதை. அதைப் பொழுதுபோக்குச் சேவைகளுக்கான 41ஆம் வகுப்பில் வணிகக் குறியாகப் பதிவு செய்யலாம், சேலத்திலிருந்தே ஆன்லைனில். யார் பெயரில் விண்ணப்பிப்பது என்பதை எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும்போதே முடிவு செய்யுங்கள். யூடியூப் சேனலின் மெயில் ஐடி யாருடையது என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.