டெமோ வேறு பானைச் சோறு

போன மாதம் ஒரே பையன், ஒரே கேமுக்காக, என் கடைக்கு மூன்று முறை வந்தான். முதல் முறை ட்ரெய்லரைப் பார்த்துவிட்டு முன்பணம் கட்டினான். இரண்டாம் முறை டெமோவை, அதாவது கேம் வரும் முன்பே ஆடிப் பார்க்கச் சொல்லிக் கம்பெனி விடும் ஒரு துண்டை, இருபது நிமிடம் ஆடிவிட்டு வந்து, எல்லாவற்றையும் எளிமையாக்கிக் கெடுத்துவிட்டார்கள், சின்னப் பிள்ளைகள் ஆடுகிற மாதிரி ஆக்கிவிட்டார்கள், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று குதித்தான். "அண்ணா" என்ற ஒரு சொல்லைத் தவிர மற்றதெல்லாம் இங்கிலீஷ். மூன்றாம் முறை, யூடியூபில் யாரோ "போகப் போக நன்றாக இருக்கிறது" என்றாராம். மறுபடியும் முன்பணம்.

மூன்று முறையும் கூட வந்தவர் அவனுடைய ஆயா, அதாவது பாட்டி. பென்ஷன் வாங்குகிறவர். எனக்காகத் தன் பழைய தமிழைத் தேடி எடுத்துப் பேசுவார். "என்னா தம்பி, போன வாரம் நல்லதுன்னான், இந்த வாரம் கெட்டதுங்கிறான், அதுக்குள்ள எப்படிக் கெட்டுப்போச்சு? மாவா அது, புளிச்சுப் போறதுக்கு?" என்று கேட்டார். சிரித்துவிட்டேன். ஆனால் ராத்திரி வீட்டுக்குப் போன பிறகு கோபம்தான் வந்தது. ஆயா மேல் இல்லை, பையன் மேல் கூட அவ்வளவு இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் திண்டுக்கல்லிலிருந்து 2007-இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்தவன். சாட்ஸ்வொர்த்தில் கடை. முன்பக்கம் கேம் விற்பனை, பின்பக்கம் சர்வீஸ் பெஞ்ச். பழைய கேமின் இரண்டாம் பாகத்துக்கு ஒரு டெமோ வந்தால் போதும், அந்த வாரம் இரண்டு பக்கமும் கூட்டம்தான். முன்பக்கம் கேன்சல் செய்யச் சொல்லி வருகிறவர்கள், பின்பக்கம் ஸ்டிக் ஒடிந்த கன்ட்ரோலர்கள். "தானா கீழே விழுந்துச்சு" என்பார்கள். தானாக விழுந்தால் எங்கே அடிபடும், சுவரில் எறிந்தால் எங்கே அடிபடும் என்று பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியாதா?

எனக்கு அதிகம் எரிச்சல் தருவது ஒரு நம்பிக்கை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம், டெமோவைப் பார்த்தால் முழு ஆட்டமும் தெரிந்துவிடும் என்பது. பழமொழியில் தப்பில்லை. ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே அடுப்பு, ஒரே நேரம் என்பதால்தான் ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்து மற்றதைச் சொல்ல முடிகிறது. டெமோ அந்தப் பானையில் எடுத்த பருக்கை இல்லை. ஆட்டம் இன்னும் வெந்துகொண்டிருக்கும்போதே ஒரு பகுதியைத் தனியாக எடுத்து, வேறு பாத்திரத்தில் போட்டு, மெனுவில் பாதியைப் பூட்டி, டிவியில் மாட்டி ஆடும் கன்சோல் பெட்டியைச் செய்யும் கம்பெனியின் சோதனைக்கு அனுப்பி, அது திரும்பி வந்த பிறகுதான் நம் கைக்கு வருகிறது. அதற்குள் பெரிய பானையில் என்னென்னவோ நடந்திருக்கும். சில சமயம் நன்றாக வெந்திருக்கும், சில சமயம் குழைந்தும் போயிருக்கும். இந்தப் பருக்கையை எவ்வளவு நசுக்கினாலும் அது தெரியாது.

எனக்கு இது புரிந்தது 2011-இல். டிராகன் ஏஜ் என்ற கதை ஆட்டத்தின் இரண்டாம் பாகத்துக்கு டெமோ பிப்ரவரி 22 அன்று வந்தது, முழு ஆட்டம் மார்ச் மாதம். அப்போது இங்கே பல வீடுகளில் மாதத்துக்கு இத்தனை ஜிபி என்று அளந்து ஊற்றுகிற ஏடிஎஸ்எல், அதாவது டெலிபோன் கம்பியில் வரும் இன்டர்நெட் லைன். அதனால் டெமோவைக் கடையிலேயே இறக்கி வைத்து, வருகிறவர்களை ஆட விட்டேன். முதல் பாகம் 2009-இல் வந்தது. ஆறு விதமான தொடக்கக் கதைகள், கம்ப்யூட்டரில் ஆடுகிறவர்களுக்கு மேலிருந்து பார்த்து வியூகம் வகுக்கும் கேமரா, கூட வரும் ஒவ்வொருவருக்கும் நாமே கவசம் மாற்றும் வசதி. இரண்டாம் பாகத்தில் மூன்றும் போய்விட்டன. ஹாக் என்ற ஒரே மனித நாயகன், கீழிறங்கிவிட்ட கேமரா, கதை கொடுக்கும் உடுப்பு. கடையில் ஒரே சத்தம். பட்டனை அழுத்தினால் பிசாசுகள் பஞ்சாகப் பறக்கின்றன, இதெல்லாம் ஒரு சண்டையா என்று.

ஆனால் அந்த டெமோ தொடங்குகிற இடத்தைக் கவனியுங்கள். வாரிக் என்ற குள்ளன், தன்னை விசாரிக்கும் கசாண்ட்ராவிடம் ஹாக்கின் கதையைச் சொல்கிறான். ஒரேயடியாக அளந்து விடுகிறான். நாம் முதலில் ஆடும் சண்டையே அவன் விடும் புளுகுதான். அதனால்தான் ஹாக்குக்கு அத்தனை பலம். கொஞ்ச நேரத்தில் கசாண்ட்ரா இடைமறித்து, உண்மையைச் சொல் என்று அதட்டுவாள். அதன் பிறகுதான் நிஜக்கதை. கடையில் பாதிப் பேர் அதட்டல் வருவதற்கு முன்பே எழுந்து போய்விட்டார்கள். புளுகைப் பார்த்துவிட்டு ஆட்டத்துக்குத் தீர்ப்பு!

முழு ஆட்டம் வந்தது. அதன் மேல் இன்று வரை நிற்கிற பெரிய புகார் என்ன தெரியுமா? ஒரே குகை, ஒரே கிடங்கு, ஒரே வீடு என்று இடங்கள் திரும்பத் திரும்ப வந்தன. அது டெமோவில் எப்படித் தெரியும்? ஒரு குகையை ஒரு முறை பார்த்தால் அது குகை. ஏழாவது முறை பார்த்தால்தான் புகார். டெமோவைத் திட்டியவர்கள் ஒன்றைத் திட்டினார்கள், ஆட்டத்தில் நொண்டியது வேறொன்று. டெமோவைப் புகழ்ந்து பணம் கட்டியவர்களும் அதே குழியில்தான் விழுந்தார்கள். இன்னொன்று: பத்து லட்சம் பேர் டெமோவை இறக்கினால் முழு ஆட்டத்தில் இரண்டு பொருள் இலவசம் என்று கம்பெனியே அறிவித்திருந்தது. டெமோ ஒரு விளம்பரம், ஐயா. நல்ல விளம்பரமோ மோசமான விளம்பரமோ, விளம்பரம்தான்.

சரி, எளிமையாக்குவதே தப்பா? 2007-இல் வந்த சுப்ரீம் கமாண்டர் என்ற போர் ஆட்டத்தில் கஜானா காலியாக இருந்தாலும் தொழிற்சாலை கட்ட ஆரம்பிக்கலாம். பொருள் வர வர வேலை நடக்கும், வராவிட்டால் எல்லாம் ஆமை வேகம். 2010-இல் வந்த இரண்டாம் பாகத்தில் முழு விலையையும் முதலிலேயே வைக்க வேண்டும். பழைய ஆட்கள் கொதித்தார்கள். எனக்கும் முதல் பாகம்தான் பிடிக்கும், ரசிகர்களே நடத்தும் சர்வரில் இன்றும் அதை ஆடுகிறார்கள். ஆனால் முதல் பாகத்தை மூன்று முறை தொட்டுவிட்டு ஓடிப்போன என் மைத்துனன் இரண்டாம் பாகத்தை ஒரு வருஷம் விடாமல் ஆடினான். அவனுக்காகவும்தானே செய்தார்கள்? உங்களுக்குப் பிடிக்கவில்லையா, வாங்காதீர்கள். அவ்வளவுதான். டிராகன் ஏஜ் கம்பெனியின் பெண் எழுத்தாளர் ஒருவர், சண்டையைத் தாண்டிப் போக வழி இருந்தால் நல்லது என்று எப்போதோ சொன்னதை 2012-இல் தோண்டி எடுத்து, போன் போட்டு வசைபாடி, அவர் குழந்தைகள் வரை மிரட்டினார்கள். ஒரு பட்டன் குறைந்ததற்கா இது? வெட்கமாக இல்லையா?

அப்புறம், பண விஷயம். டெமோவைப் பார்த்து முன்பணம் கட்டாதீர்கள். கட்டியே ஆக வேண்டுமென்றால் ரசீது வாங்குங்கள். தென்னாப்பிரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2008-ஆம் ஆண்டின் 68-ஆவது சட்டம், 17-ஆம் பிரிவின்படி முன்பதிவை ரத்து செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. கடைக்காரர் நியாயமான ஒரு தொகையைப் பிடித்துக்கொள்ளலாம், முழுவதையும் விழுங்க முடியாது. உங்களுக்கென்றே தனியாகச் செய்யச் சொன்ன பொருளுக்கு மட்டும் இது பொருந்தாது. கடைக்காரனே இதைச் சொல்கிறேன், நம்புங்கள்.

ஆன்லைனில் வாங்கினால் ஏழு நாளில் திருப்பலாம் என்று பலர் வந்து வாதாடுகிறார்கள். 2002-ஆம் ஆண்டின் மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டத்தில் அந்த ஏழு நாள் இருக்கிறது. ஆனால் இறக்கிவிட்ட, உறை பிரித்துவிட்ட மென்பொருளுக்கு இல்லை. உறையைப் பிரிக்கும் முன் யோசியுங்கள். ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் வாங்கினால், வாங்கிப் பதினான்கு நாளுக்குள், ஆடியது இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் பணம் திரும்பக் கிடைக்கும். ஆக, முழு ஆட்டத்தையே இரண்டு மணி நேரம் சோதித்துப் பார்க்க வழி இருக்கும்போது, டெமோவை வைத்துக்கொண்டு எதற்கு இந்தக் கூத்து?

டெமோவால் உருப்படியான ஒரு பயன் உண்டு. உங்கள் மெஷினில் ஓடுகிறதா, திக்குகிறதா, எழுத்து கண்ணுக்குத் தெரிகிறதா, உங்கள் கன்ட்ரோலரை எடுத்துக்கொள்கிறதா என்று பாருங்கள். திக்கினாலும் அன்றைக்கே ஓடி வந்து கிராபிக்ஸ் கார்டு கேட்காதீர்கள். முழு ஆட்டத்தில் அது சரியாகியிருக்கலாம். கார்டு விற்றால் எனக்குத்தான் லாபம், இருந்தும் சொல்கிறேன்.

தாய்மார்களிடம் ஒரு வேண்டுகோள். "டெமோவை முழு கேமாகத் திறக்கும் ஃபைல்" என்று வாட்ஸ்அப்பில் லிங்க் சுற்றும். டெமோவில் இல்லாத முழு கேமை எந்த ஃபைலாலும் திறக்க முடியாது. போன வருஷம் அப்படி ஒன்றை ஒரு பையன் அம்மாவின் லேப்டாப்பில் போட்டான். அந்த அம்மா அதே லேப்டாப்பில்தான் வங்கிக் கணக்கைப் பார்ப்பவர். விண்டோஸை முழுவதும் அழித்துவிட்டு மறுபடியும் போட்டேன், எல்லாக் கடவுச்சொற்களையும் வேறு கருவியிலிருந்து மாற்றச் சொன்னேன். குடும்பப் படங்கள் வேறு எங்கும் இல்லை, போனது போனதுதான். வங்கிக்குப் பயன்படும் கம்ப்யூட்டரைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள், தயவுசெய்து.

அந்தப் பையனின் இரண்டாவது முன்பணத்தை நான் பதிவு செய்யவில்லை. ஓர் உறையில் போட்டு, மேலே ஆயாவின் பெயரை எழுதி, மேசை டிராயரில் வைத்திருக்கிறேன். கேம் வந்து ஒரு வாரம் கழித்து வாடா, அப்போதும் வேண்டுமென்றால் எடுத்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். முறைத்துக்கொண்டே போனான். ஆயா மட்டும் வாசலில் நின்று திரும்பிப் பார்த்து, "பத்திரமா வை தம்பி, அவன் நாளைக்கே வருவான்" என்றார்.