வானத்துக்கு ஒரு குரல், தரைக்கு ஒரு குரல்

யாழ்ப்பாணத்தில் ஊர்க்கோழி வளர்க்கிற வீடுகளில், குசினிக்குள் நிற்பவர் வெளியே எட்டிப் பார்க்காமலே வந்திருப்பது பிராந்தா கீரியா என்று சொல்லிவிடுவார். சேவல் ஒரே மூச்சில் மெல்லிசாக இழுத்து ஒரு சத்தம் போட்டால், முற்றத்துக்கு ஓடிப்போய் வானத்தைப் பார்த்து "சூய்" என்று கத்த வேண்டும். அதே சேவல் "கொக் கொக் கொக்" என்று விட்டுவிட்டு, ஒழுங்கை முழுக்கக் கேட்கிறமாதிரி கொக்கரித்தால் தடியோடு வேலிப்பக்கம் போக வேண்டும். பூவரசுக்கு அடியில் கீரி நிற்கும், அல்லது அயல்வீட்டுப் பூனை, சில நாள் ஒரு சாரை.

ஆச்சிமார் காதால் பழகிய இந்த வித்தியாசத்தை முதன்முதலில் படமாக வரைந்து பார்த்தவர்களில் இருவர் நிக்கலஸ் கொலியாஸ், மார்ட்டின் ஜூஸ். முதலாமவர் விலங்கியலாளர், மற்றவர் மொழியியலாளர். மனிதப் பேச்சை ஆராயப் பயன்பட்ட ஒலிவரைவுக் கருவியில் கோழிச் சத்தங்களை ஓடவிட்டு 1953இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வானத்து எதிரிக்கு நீளமான, இடைவெட்டு இல்லாத ஒலி. தரையில் வரும் எதிரிக்குத் துண்டுதுண்டாகத் திரும்பத் திரும்ப வரும் ஒலி. படத்திலும் அது அப்படியே தெரிந்தது.

ஆனால் ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. சேவல் உண்மையிலேயே 'மேலே', 'கீழே' என்று பிரித்துச் சொல்கிறதா, இல்லை பயத்தின் அளவு மாறும்போது குரலும் மாறுகிறதா? 1993இல் கிறிஸ்டோபர் எவன்ஸ், லிண்டா எவன்ஸ், பீற்றர் மார்லர் ஆகிய மூவரும் இதைச் சோதித்தார்கள். கூட்டுக்கு மேலே ஒரு திரையில் பருந்து பறக்கும் படத்தையும், பக்கத்துத் திரையில் ஒரு தரைவிலங்கு வரும் படத்தையும் காட்டினார்கள். சேவல்கள் படத்துக்கு ஏற்றபடி குரலை மாற்றின. அப்புறம் இன்னொரு வேலை செய்தார்கள். எந்தப் படமும் இல்லாமல், பதிவுசெய்த குரலை மட்டும் பேடுகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். வானத்துக் குரலைக் கேட்டவை மறைப்புக்குள் ஓடின, பதுங்கின, தலையைச் சரித்து மேலே பார்த்தன. தரைக் குரலைக் கேட்டவை கழுத்தை நிமிர்த்தி நின்று சுற்றிவரப் பார்த்தன. எதிரி இல்லாமலே குரல் மட்டும் வைத்து என்ன செய்வது என்று அவற்றுக்குத் தெரிந்தது.

சரி, ஏன் இந்த இரண்டு வடிவம்? வானத்துக்குக் கொக்கரிப்பையும் தரைக்கு இழுவையையும் வைத்திருக்கக்கூடாதா? காதின் கணக்கைப் பார்த்தால் அது சரிவராது என்று விளங்கும்.

ஒரு சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை மூளை இரண்டு காதுகளையும் ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்கிறது. இடப்பக்கத்துச் சத்தம் இடக்காதுக்கு ஒரு சொட்டு முந்தி வரும், கொஞ்சம் உரத்தும் கேட்கும். பறவையின் தலை சிறியது. இரண்டு காதுக்கும் நடுவே 3 சென்ரிமீற்றர் என்று வைப்போம். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீற்றர் போகும். ஆக, இரண்டு காதுக்கும் உள்ள நேர வித்தியாசம் நொடியின் 10,000இல் ஒரு பங்குகூட வராது. இவ்வளவு நுண்ணிய இடைவெளியைப் பிடிக்க மூளைக்கு ஒரு கொளுக்கி வேண்டும். சத்தம் திடீரென்று தொடங்குகிற இடமும் பட்டென்று நிற்கிற இடமும்தான் அந்தக் கொளுக்கி. விட்டுவிட்டுக் கொக்கரிக்கும்போது ஒவ்வொரு 'கொக்'கும் ஒரு புதுத் தொடக்கம். போதாததற்குத் தடித்த ஒலியும் மெல்லிய ஒலியும் அதில் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. சத்தம் போடுகிற இடத்தை யாரும் உடனே கண்டுபிடித்துவிடலாம்.

மெல்லிசாக இழுத்த ஒலியில் இந்தக் கொளுக்கிகள் குறைவு. இரவில் அறைக்குள் ஒரு சிள்வண்டு புகுந்துகொண்டு கத்தும்போது அலுமாரிக்குப் பின்னாலா கட்டிலுக்குக் கீழா என்று தேடி அலுத்துப்போவதும் இதே காரணத்தால்தான். சிறு பறவைகள் பருந்தைக் கண்டு போடும் எச்சரிக்கைக்குரல்கள் ஏன் இப்படி இருக்கின்றன என்று பீற்றர் மார்லர் 1955இலேயே இந்த விளக்கத்தைக் கொடுத்திருந்தார். பருந்துக்கும் காது உண்டு. கத்தியவன் இருக்கும் இடம் அதற்குத் தெரிந்தால் கத்தியவன்தான் முதல் இரை.

கீரியின் கதை வேறு. அது நம்பியிருப்பது ஒளிவை. அதைக் கண்டுவிட்டார்கள் என்று அதற்கே தெரிந்தால் வந்த வேலை பாதி கெட்டுவிடும். அதனால் தரைக் குரல் இரண்டு பேருக்கும் சேர்த்துப் போடுகிற குரல்: கூட்டத்துக்கு "இங்கே பாருங்கள்", கீரிக்கு "கண்டுவிட்டேன்". மற்றக் கோழிகளும் சேர்ந்து கத்தும். எங்கள் வளவு நாய் இந்தக் குரலுக்கு மட்டும் படுத்த இடத்தைவிட்டு எழும்பும். வானத்துக் குரலுக்குக் காதைக்கூட அசைக்காது. அதற்கு மேலே என்ன நடந்தால் என்ன!

சேவல் எல்லா நேரமும் இப்படித் தியாகியாக இருப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தனியே நிற்கிற சேவல் பருந்தைக் கண்டால் பெரும்பாலும் வாய் திறக்காமல் பதுங்கிவிடும். பக்கத்தில் பேடு நின்றால்தான் கத்தும். சிட்னியின் மக்குவாரி பல்கலைக்கழகத்தில் எவன்ஸ் குழுவினர் 2010இல் இன்னொன்றையும் கண்டார்கள். மரத்துக்கோ பற்றைக்கோ கீழே நிற்கும் சேவல் குரலைக் கூடுதல் நேரம் இழுக்கிறது. தனக்கு மறைப்பு இருந்தால் தைரியமும் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் கிடுகு வேலி போய் மதில் வந்த வளவுகளைப் பார்க்கும்போது எனக்கு இந்த ஆய்வு ஞாபகம் வரும். கிளுவையும் பூவரசும் வெட்டி, முற்றம் முழுக்கச் சீமெந்து போட்டால் பார்க்கத் துப்புரவுதான். குஞ்சு ஓடி ஒளிய ஒரு செவ்வரத்தைப் பற்றை, ஒரு தேசி மரம், ஒரு கறிவேப்பிலை அடி இல்லாவிட்டால் எச்சரிக்கைக்குரல் கேட்டும் என்ன பயன்?

இனிக் கண்ணுக்கு வருவோம். எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

மண்ணைக் கிண்டிப் பொறுக்கிக்கொண்டிருக்கிற ஒரு பேட்டைக் கிட்டத்தில் நின்று பாருங்கள். குருணியையும் குறுமணலையும் பிரித்துக் கொத்துகிறது, அதுவும் வேகமாக. நடுவில் ஒரு கணம் நிற்கும், தலையைப் பக்கவாட்டில் சரிக்கும், ஒரு கண் வானத்தை நோக்கித் திரும்பும். கண்கள் இரண்டும் தலையின் இரு பக்கத்தில் இருப்பதால் இரண்டையும் ஒருங்கே மேலே திருப்ப முடியாது. பருந்தைப் பார்க்கப் பெரும்பாலும் பயன்படுவது இடக்கண். தீனியையும் கல்லையும் பிரித்தறிவது வலக்கண்ணின் வேலை. கோழியின் கண்நரம்புகள் ஏறக்குறைய முழுவதுமாகக் குறுக்கே கடக்கின்றன. ஆகவே இடக்கண் பார்ப்பது வலப்பக்க மூளைக்கும், வலக்கண் பார்ப்பது இடப்பக்க மூளைக்கும் போகிறது. ஒரு பாதி சாப்பாட்டைக் கவனிக்க, மறுபாதி காவல் நிற்கிறது.

இந்த வேலைப்பிரிப்பின் ஒரு பெரும்பகுதி முட்டைக்குள்ளேயே நடந்து முடிந்துவிடுகிறது. அடை வைத்து 21 நாளில் குஞ்சு வரும். கடைசி நாட்களில் முட்டைக்குள் குஞ்சு ஒரு பக்கமாகச் சுருண்டு கிடக்கும். இடக்கண் அதன் உடம்போடு அழுந்தி மூடியிருக்க, வலக்கண் முட்டையின் கோதுப் பக்கம் பார்த்தபடி இருக்கும். கோதினூடாக வெளிச்சம் உள்ளே போகும். அது படுவது வலக்கண்ணில் மட்டும். அந்த வெளிச்சம் ஒரு பக்க நரம்புப் பாதைகளைத் தூண்டி வளர்க்கிறது. அவுஸ்திரேலியாவின் லெஸ்லி றோஜர்ஸ் பல ஆண்டுகள் இதை ஆராய்ந்தவர். 2004இல் அவரும் இத்தாலிய ஆய்வாளர்களும் சேர்ந்து ஒரு பரீட்சை வைத்தார்கள். முட்டையில் வெளிச்சம் பட்ட குஞ்சுகளும் முழு இருட்டில் பொரித்த குஞ்சுகளும் கற்களுக்கு நடுவே தானியம் பொறுக்க வேண்டும், அதே நேரத்தில் மேலே ஒரு பருந்து உருவம் நகரும். வெளிச்சம் பட்டவை இரண்டையும் சமாளித்தன. இருட்டில் பொரித்தவை தடுமாறின. மேலே பார்த்தால் பொறுக்குவது பிழைத்தது.

நம் ஊரில் அடைக்கோழியை வைப்பது இருட்டு மூலையில், கடகத்துக்குள் வைக்கோலோ மணலோ போட்டு, முட்டைகளை ஒற்றைப்படையாக எண்ணி. ஆனால் கோழி ஒரே இருப்பாக 21 நாளும் இருப்பதில்லை. ஒவ்வொரு நாளும் கொஞ்ச நேரம் எழும்பி, தண்ணீர் குடித்து, இரை பொறுக்கி, எச்சமிட்டுவிட்டு வரும். அந்த நேரத்தில் முட்டைகள் வெளிச்சத்தைப் பார்க்கின்றன. கடையில் வாங்கி வருகிற மெஷின் குஞ்சு பிராந்துக்குச் சுலபமாக அகப்படுகிறது என்று பலர் சொல்வார்கள். இருட்டுப் பெட்டியில் பொரித்தது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் என்னைக் கேட்டால் பெரிய காரணம் தாய் இல்லாததுதான். குரல் கொடுக்க யாரும் இல்லை, சிறகுக்குள் ஒளிக்க யாரும் இல்லை.

பொரித்த குஞ்சுக்குப் பருந்து என்றால் என்னவென்று பிறவியிலேயே தெரியுமா? இது பழைய சண்டை. 1937இல் கொன்ராட் லோரன்ஸும் நிக்கோ டின்பெர்கனும் ஒரு மட்டையில் சிலுவைபோல் ஒரு பறவை உருவம் வெட்டிக் கம்பியில் இழுத்தார்கள். ஒரு பக்கம் இழுத்தால் குட்டைக் கழுத்தும் நீள வாலும் கொண்ட பருந்து, மறுபக்கம் இழுத்தால் நீளக் கழுத்துக் கொண்ட வாத்து. பருந்தாகப் போகும்போது பறவைகள் மிரண்டன என்று சொன்னார்கள். பிறகு 1961இல் வொல்ஃப்காங் ஷ்லைட் வான்கோழிகளை வைத்துச் சோதித்தபோது கதை மாறியது. எந்த உருவத்தை அடிக்கடி கண்டனவோ அதற்குப் பயம் குறைந்தது. அரிதாகக் கண்டது எதுவோ அதற்கு மிரண்டன. உருவத்தைவிடப் பழக்கம்தான் பெரிது.

யாழ்ப்பாணத்து முற்றத்தில் இதற்குச் சாட்சி காகம். காலை முதல் மாலை வரை தலைக்கு மேலே போய்வருகிறது, ஒரு கோழியும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஆனால் குஞ்சு தூக்குவதில் காகம் பிராந்துக்குக் குறைந்ததல்ல. பழகிய முகம் என்பதால் தப்பிவிடுகிறது. குஞ்சுக்குக் கிட்ட வந்து குந்தினால்தான் தாய்க்கோழி செட்டையை விரித்துக்கொண்டு பாயும். வடக்குக் கரையோரங்களில் கரும்பருந்து உண்டு, எங்கும் செம்பருந்து உண்டு, வேப்பமரத்துக்குள்ளிருந்து சட்டென்று வரும் வல்லூறு உண்டு. செம்பருந்தின் நிலைமைதான் வேடிக்கை. கோயில் வீதியில் வட்டமிட்டால் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம், வளவுக்குள் வந்தால் கல்லெறி.

உருவம் பழக்கத்தால் வந்தாலும் அசைவுக்கு ஒரு பிறவி அறிவு இருக்கிறது. 2019இல் வெளிவந்த இத்தாலிய ஆய்வு ஒன்றில், எதையும் கண்டறியாத புதுக் குஞ்சுகளுக்கு மேலே ஒரு கறுப்பு வட்டம் காட்டினார்கள். வட்டம் வேகமாகப் பெருத்தால், அதாவது ஏதோ தன்மேல் விழுகிறமாதிரி இருந்தால், ஓடின. சிறிய வட்டம் மேலே கடந்து போனால் நடையைத் தளர்த்தி உறைந்தன. உயரத்தில் வட்டமிடும் பருந்துக்கு அசையாமல் இருப்பதும், இறங்கிவிட்ட பருந்துக்கு ஓடுவதும்தான் சரி. அதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

வளவில் காவல் கோழிக்கு மட்டும் சொந்தமில்லை. கீரி வேலிக்குள் நுழைந்தால் அணில் பனையில் தலைகீழாக ஒட்டிக்கொண்டு வாலை வெட்டிவெட்டிக் கத்தும். புலுனிக் கூட்டம் பாம்பைக் கண்டால் அதைச் சுற்றிக் கொத்தாக நின்று சண்டைபிடிக்கும். கூட்டத்தில் ஒன்று காணாததை இன்னொன்று காண்கிறது, ஒரு இனம் போடும் சத்தத்தை இன்னொரு இனம் ஒட்டுக்கேட்கிறது. இலங்கையில் இதைக் கவனமாக ஆராய்ந்த இடம் சிங்கராஜக் காடு. அங்கே புலுனியின் உறவான செஞ்சொண்டுப் புலுனிகளும் கரிச்சான்களும் வேறு பறவைகளும் ஒரே கூட்டமாக இரை தேடும். ஈபன் குடேலும் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் சரத் கொட்டகமவும் அந்தக் கூட்டங்களின் எச்சரிக்கைக்குரல்களைப் பதிவுசெய்தார்கள். துடுப்புவால் கரிச்சான் ஆபத்தான நேரத்தில் மற்றப் பறவைகளின் எச்சரிக்கைக்குரலையே போலி செய்கிறது என்று 2006இல் எழுதினார்கள். நம் தோட்டத்து மின்கம்பியில் குந்தும் சாதாரணக் கரிச்சானும் பருந்தைத் துரத்துவதில் சளைத்ததல்ல.

இவ்வளவு ஏற்பாடும் வெளிச்சம் இருக்கும்வரைதான். கோழியின் கண் பகலுக்கு அமைந்தது. நிறம் காணும் கூம்புகள் நிறைய, மங்கல் வெளிச்சத்தில் வேலைசெய்யும் கோல்கள் குறைவு. பொழுதுபட்டதும் அது கொப்பில் ஏறிக் குந்திவிடும், பிறகு தொட்டுத் தூக்கினாலும் பெரிதாகக் கத்தாது. மரநாய் வருவது அந்த நேரத்தில். பனம்பழத்துக்கும் கள்ளு முட்டிக்கும் பழகிய விலங்கு மரத்தில் ஏற யோசிக்காது. முருங்கையிலோ மாமரத்திலோ கோழிகளை அடையவிடுகிற வீடுகளில் காலையில் செட்டைகள் சிதறிக் கிடக்கும். முதல் நாள் இரவு ஒரு சத்தமும் கேட்டிருக்காது. மரக்கூடு என்றால் கொக்கி போட்ட கதவும், மரநாயின் தலை நுழையாத சிறுகண் கம்பிவலையும் வேண்டும். அடித்தட்டில் பலகை உக்கியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், கீரி அந்த ஓட்டையால் விடியப்புறம் வரும்.