குறியீடு சரிதான், நிறம் ஏன் பொருந்தவில்லை?

கார் கதவின் ஓரத்தில் கொஞ்சம் பெயின்ட் பெயர்ந்துவிடுகிறது. காரின் பெயின்ட் எது என்று காரிலேயே குறித்திருக்கும் நிறக் குறியீட்டைப் பார்த்து, அதே எண்ணுள்ள டச்-அப் பெயின்ட் வாங்கி, கவனமாகத் தொட்டு வைக்கிறோம். காய்ந்த பிறகு பார்த்தால் அந்த இடம் மட்டும் திட்டாகத் தெரிகிறது. கடைக்காரர் பாட்டிலை மாற்றிக் கொடுத்துவிட்டார் என்று நினைக்கத் தோன்றும். பெரும்பாலும் அவர் மேல் தப்பு இருக்காது. எந்தெந்த நிறமி எவ்வளவு சேர வேண்டும் என்பதைத்தான் குறியீடு சொல்லும். அந்தக் கலவை எப்படிப் பூசப்பட்டது, எப்படிக் காய்ந்தது, எத்தனை காலம் வெயிலில் நின்றது என்பதெல்லாம் சேர்ந்துதான் நம் கண்ணில் படும் நிறம் உருவாகிறது.

பெயர்ந்த இடத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். பள்ளத்தின் ஓரத்தில் அடுக்குகள் தெரியும். அடியில் தகடு. அதன் மேல் துருவைத் தடுக்கும் பூச்சு. காரின் வெற்றுக் கூட்டைத் தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி இதைப் படிய வைக்கிறார்கள். அதற்கு மேல் நிறம் பிடிக்க அடித்தளமாகும் ப்ரைமர், அப்புறம் நிறம் தரும் பேஸ் கோட், கடைசியாகப் பளபளப்பும் பாதுகாப்பும் தரும் கிளியர் கோட். எல்லாம் சேர்ந்தே சுமார் 100 முதல் 150 மைக்ரான்தான், அதாவது 0.1 முதல் 0.15 மில்லிமீட்டர். அதில் நிறம் தரும் அடுக்கின் பங்கு பெரும்பாலும் 10 முதல் 20 மைக்ரான். இவ்வளவு மெல்லிய ஒரு படலம்தான் காரின் முழுத் தோற்றத்தையும் சுமக்கிறது.

குறியீடு இருக்கும் இடம் காருக்குக் கார் மாறும். கதவைத் திறந்தால் தெரியும் தூணில், பானெட்டுக்கு அடியில், டிக்கிக்குள், ஸ்டெப்னி வைக்கும் குழியில் என்று தேட வேண்டும். கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். ஒரே குறியீட்டில் வந்த இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது நிறம் லேசாக வேறுபடுவது உண்டு. தொழிற்சாலை மாறினாலோ, பெயின்ட் வந்த தொகுதி மாறினாலோ சாயல் நகரும். அதனால்தான் பெயின்ட் கலப்பவர்கள் ஒரு குறியீட்டுக்கே பல மாற்றுக் கலவைகளை வைத்திருக்கிறார்கள்: ஒன்றில் நீலம் சற்றுத் தூக்கல், இன்னொன்றில் சிவப்பு தூக்கல், மற்றொன்று கொஞ்சம் கருமை. மாதிரி அட்டைகளைக் காரின் மேலேயே வைத்துப் பார்த்துத்தான் எது பொருந்துகிறது என்று தேர்ந்தெடுப்பார்கள்.

வெறும் வெள்ளை, சிவப்பு, கறுப்பு என்றால் பிரச்சினை இத்தோடு முடிந்துவிடும். உண்மையான சிக்கல் மெட்டாலிக் நிறங்களில்தான். எனக்குத் தெரிந்தவரை எல்லாவற்றிலும் கடினமானது சில்வர். அந்தப் பெயின்ட்டுக்குள் மிகச் சிறிய அலுமினியச் செதில்கள் மிதக்கின்றன. ஸ்பிரே செய்யும்போது பெயின்ட் மெல்லிய படலமாக விழுகிறது. அதிலுள்ள திரவம் ஆவியாக ஆவியாகப் படலம் சுருங்கி, செதில்களைத் தகட்டுக்கு இணையாகப் படுக்க வைக்கிறது, குளத்து நீர் வற்றும்போது மிதந்த இலைகள் தரையோடு படிந்துவிடுவது போல. படுத்த செதில் ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் கண்ணாடி. அதனால் நேராகப் பார்த்தால் நிறம் பிரகாசமாகவும், சாய்வாகப் பார்த்தால் இருண்டும் தெரிகிறது.

இதே பெயின்ட்டைத் தூரிகையால் தொட்டு வைத்தால் அது தடித்த துளியாக நிற்கும். செதில்கள் கண்டபடி சாய்ந்தும் நிமிர்ந்தும் உறைந்துபோகும். ஒளி எல்லாப் பக்கமும் சிதறுவதால் நேர்ப்பார்வையில் அந்தப் புள்ளி கறுத்துத் தெரியும், பக்கவாட்டில் வெளுத்துத் தெரியும். பாட்டிலில் இருப்பது துளியும் பிசகாத கலவையாகவே இருந்தாலும் இப்படித்தான் ஆகும். முத்துபோல் மினுங்கும் பேர்ல் நிறங்களில் அலுமினியத்துக்குப் பதிலாக டைட்டானியம் டை ஆக்சைடு பூசிய மைக்கா என்ற கனிமத்தின் செதில்கள் இருக்கும். அந்தப் பூச்சின் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் பட்டுத் திரும்பும் ஒளி அலைகள் ஒன்றோடொன்று கலப்பதால், கோணத்துக்கு ஏற்ப நிறமே மாறும்.

ஆகவே மெட்டாலிக் நிறத்தை ஒரே கோணத்தில் அளந்து பயனில்லை. பட்டறைகளில் பயன்படும் நிறமானிகள் ஒளியை ஒரு கோணத்தில் பாய்ச்சி, திரும்பி வருவதைப் பல கோணங்களில் அளக்கின்றன. கிடைக்கும் எண்கள் 1976-ல் சர்வதேச ஒளியூட்டல் ஆணையம் வகுத்த முறையில் வரும்: வெளிச்சம் எவ்வளவு, சிவப்பு-பச்சையில் எந்தப் பக்கம், மஞ்சள்-நீலத்தில் எந்தப் பக்கம். இந்த எண்களை வைத்துக் கணக்கிடும்போது இரண்டு நிறங்களுக்கு நடுவிலுள்ள தூரம் சுமார் 1 என்று வந்தால், பழகிய கண்ணுக்கு அந்த வித்தியாசம் பிடிபடத் தொடங்கும் என்பது தோராயக் கணக்கு.

வெளிச்சமும் ஏமாற்றும். வெவ்வேறு நிறமிகளால் செய்த இரண்டு பெயின்ட்கள் டியூப்லைட்டில் அச்சாக ஒன்றுபோல் இருந்து, வெயிலில் பிரிந்து தெரியலாம். இரண்டும் ஒளியின் அலைநீளங்களை ஒரே மாதிரி விழுங்குவதில்லை. ஒரு விளக்கின் கீழ் மட்டும் கண்ணுக்கு ஒன்றாகப் படுகின்றன. எனவே பகல் வெளிச்சத்தில்தான் ஒப்பிட வேண்டும், பல பக்கமும் நின்று பார்க்க வேண்டும். அதற்கு முன் அந்த இடத்தைக் கழுவி பாலிஷ் போட்டுவிடுங்கள். அழுக்கும் மங்கிப்போன கிளியர் கோட்டும் படிந்த பரப்போடு ஒப்பிட்டால் நீங்கள் தேடுவது காரின் நிறமாக இருக்காது.

பாட்டிலை நன்றாக, பொறுமையாகக் குலுக்குவதும் நிறப் பொருத்தத்தில் சேர்த்திதான். செதில்களும் கனமான நிறமிகளும் அடியில் தங்கிவிடும். குலுக்காமல் மேலாக எடுத்தால் வேறொரு நிறமே கிடைக்கும். முதலில் ஒரு தகட்டிலோ அட்டையிலோ பூசி, காயவிட்டு, கிளியர் கோட்டும் போட்டுப் பாருங்கள். பேஸ் கோட் தனியாகக் காய்ந்தால் மங்கி நிற்கும். கிளியர் ஏறிய பிறகுதான் அதன் அடர்த்தி வெளிவரும். ஈரத்தில் பார்த்து முடிவுக்கு வரவே கூடாது.

காரில் வைக்கும்போது துருவைச் சுத்தமாக எடுத்து, தகடு தெரிந்தால் ப்ரைமர் வைத்து, காய்ந்த பிறகு நிறத்தை மெல்லிய அடுக்குகளாக ஏற்ற வேண்டும். ஒவ்வொன்றும் காயும்போது சுருங்குவதால் ஒரே துளியில் பள்ளத்தை நிரப்ப முயல்வது வீண். மெல்லிய அடுக்கில் செதில்களும் கொஞ்சமாவது படுக்கும். பெயின்ட் பள்ளத்துக்குள் மட்டும் இருக்கட்டும். சுற்றியுள்ள நல்ல பரப்பில் வழிந்தால் திட்டு பெரிதாகி, கண் உடனே அங்கே போகும்.

திட்டு உள்ளங்கை அளவுக்கு விரிந்துவிட்டால் பாட்டிலை விட்டுவிட்டுப் பட்டறைக்குப் போவதே நல்லது. நம் கண் நிற வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது முக்கியமாக விளிம்புகளில். அதனால் தேர்ந்த பெயின்ட்டர் புது நிறத்தைப் பழையதன் மேல் படிப்படியாகத் தேய்ந்து போகும்படி தூவுவார், தேவைப்பட்டால் பக்கத்துக் கதவு வரைக்கும்கூட. பிறகு முழுப் பரப்புக்கும் கிளியர் கோட் அடிப்பார். அளந்து பார்த்தால் வித்தியாசம் அப்போதும் இருக்கும். ஆனால் அது எங்கே தொடங்குகிறது என்று கண்ணால் சொல்ல முடியாது.