மூட்டுப் பாவை: ஓவியரின் மரக்குதிரைக்கு ஒரு பெயர்

ஓவியப் பொருள் விற்கும் கடைகளில் ஒரு சாண் உயர மரக்குதிரை நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கழுத்தைத் தாழ்த்தலாம், முன்னங்காலைத் தூக்கலாம். விட்ட நிலையில் அப்படியே நிற்கும். குதிரை வரையப் பழகுகிறவர்கள் மேசைமேல் வைத்துக்கொள்ளும் துணை அது. பெயர் கேட்டால் 'ஹார்ஸ் மேனிகின்' என்பார்கள்.

அந்தப் பெயர் குதிரைக்குப் பொருந்தவே பொருந்தாது. 'மேனிகின்' டச்சு மொழியில் பிறந்த சொல். 'மன்' என்றால் மனிதன். அதோடு சிறுமையைக் குறிக்கும் விகுதி சேர்ந்து 'மன்னேகன்' ஆயிற்று. பொருள்: குட்டி மனிதன். பிரஸ்ஸல்ஸ் நகரில் சிறுநீர் கழிக்கும் சிறுவனின் புகழ்பெற்ற வெண்கலச் சிலையை 'மன்னேகன் பிஸ்' என்று அழைப்பதும் இதே சொல்லால்தான். பிரெஞ்சு மொழி அதை வாங்கிக்கொண்டு, ஓவியரின் பொம்மைக்கும் கடையில் உடை மாட்டும் பொம்மைக்கும், பிறகு உடை அணிந்து நடந்து காட்டும் பெண்ணுக்கும் வைத்தது. ஆகவே 'குதிரை மேனிகின்' என்றால் 'குதிரைக் குட்டி மனிதன்'. தமிழ் வாசகருக்கோ அந்தச் சொல் ஜவுளிக்கடை வாசலில் புடவை கட்டி நிற்கும் பொம்மையைத்தான் நினைவூட்டும்.

ஆங்கிலத்தில் இதற்கு இன்னொரு பழைய பெயர் உண்டு: 'லே ஃபிகர்'. இந்த 'லே'க்கும் படுப்பது, கிடத்துவது என்ற பொருளுக்கும் தொடர்பில்லை. இதுவும் டச்சுதான். 'லேடமன்' என்ற சொல்லின் முற்பகுதி உறுப்பை, மூட்டைக் குறிக்கும். மூட்டுகள் கொண்ட மனிதன் என்பது பொருள். ஜெர்மன் மொழியின் 'கிளீடர்மன்' என்ற சொல்லும் அவ்வாறே அமைந்தது. இந்தப் பொருளின் உயிர் மூட்டில் இருக்கிறது என்பதை அந்த இரு மொழிகளும் பெயரிலேயே சொல்லிவிட்டன.

பயனும் பழையதே. 1517இல் மறைந்த இத்தாலிய ஓவியர் ஃப்ரா பார்த்தொலொமேயோ, ஆள் உயரத்தில் மூட்டுகள் அசையும் மர உருவம் ஒன்றைச் செய்வித்து, அதன்மேல் துணி போர்த்தி மடிப்புகளை வரைந்ததாக, இத்தாலிய ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய வசாரி குறிப்பிட்டிருக்கிறார். உயிருள்ள ஆளால் அத்தனை நேரம் அசையாமல் நிற்க முடியாதல்லவா!

தமிழில் என்ன சொல்லலாம்? 'பொம்மை' குழந்தையின் விளையாட்டுப் பொருளை நோக்கி இழுக்கிறது. 'மாதிரி' என்றால் ஓவியருக்கு எதிரே அமரும் ஆளா, மரமா என்று தெரியாது. கையருகே இருக்கும் நல்ல சொல் 'பாவை'.

'நாணகத் தில்லார் இயக்கம் மரப்பாவை
நாணால் உயிர்மருட்டி யற்று' (குறள் 1020)

கயிற்றால் ஆட்டப்படும் மரப்பாவை உயிருள்ளதுபோல் மயக்குவதை வள்ளுவர் பார்த்திருக்கிறார். பாவை பெண்ணையும் குறிக்குமே, விலங்குக்கு ஒத்துவருமா என்று கேட்கலாம். தோற்பாவைக் கூத்தில் மானும் குரங்கும் பாவைகளாகத்தான் திரையில் வருகின்றன. ஆனால் வெறும் 'மரப்பாவை' இங்கே போதாது. கூத்துப் பாவையைக் கயிறு ஆட்டுகிறது. ஓவியரின் பாவையை அதன் மூட்டின் இறுக்கம் நிறுத்திவைக்கிறது. 'மூட்டு' மரவேலைக்கும் உடலுக்கும் பொதுவான சொல். மரச் சட்டங்கள் சேரும் இடமும் மூட்டு, வலிக்கும் முழங்காலும் மூட்டு. எனவே பொதுப்பெயராக 'மூட்டுப் பாவை' என்பேன். தனித்தனியே சொல்லும்போது 'பாவை'யும் வேண்டாம்: மண்குதிரை, பொய்க்கால் குதிரை என்று சொல்லிப் பழகிய நமக்கு 'மூட்டுக்குதிரை' உடனே விளங்கும். மூட்டுமான், மூட்டுயானை என்று வரிசை தானே நீளும்.

மூட்டைப் பெயரில் வைப்பது ஓவியருக்கும் நல்லது. குதிரையின் பின்னங்காலில் பின்பக்கமாக மடிவதுபோல் தெரியும் இடத்தை முழங்கால் என்று நினைத்து வரைகிறோம். அது கணுக்கால். உண்மையான முழங்கால் மேலே வயிற்றை ஒட்டி இருக்கிறது. முன்னங்காலின் நடுவில் 'முழங்கால்' போலத் தெரிவது நம் மணிக்கட்டுக்கு இணையானது. முழங்கை மார்பை ஒட்டி மேலே இருக்கிறது. மூட்டுக்குதிரை வாங்கும்போது காலை மெல்ல மடக்கிப் பாருங்கள். வயிற்றை ஒட்டிய அந்த முழங்காலும் தனியே மடிந்தால், அதைச் செய்த தச்சர் குதிரையை அறிந்தவர்.