கல்லு வச்சா கூரை நிக்காது

வள்ளியூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் காவலுக்குப் போட்டிருந்த தகரக் கொட்டகை போன வாரம் பறந்துவிட்டது. மேலே பாரத்துக்கு வைத்திருந்த கல் பக்கத்தில் கட்டியிருந்த மாட்டின் மேல் விழுந்திருக்கிறது. மனுஷருக்கு ஒன்றுமில்லை. தோட்டக்காரர் என்னிடம் வருத்தப்பட்டது எதற்குத் தெரியுமா? "நாலு மூலையிலயும் கல்லு வச்சுதான் இருந்தேன் சார். இன்னும் ரெண்டு தூக்கி வச்சிருக்கணும் போல."

ஆனி, ஆடி வந்தால் ஒரு கட்டடப் பொறியாளனுக்கு இதைக் கேட்டே காது புளித்துவிடும். கல், பழைய டயர், மணல் மூட்டை என்று ஆளாளுக்கு ஒன்றைத் தூக்கி வைக்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். கட்டடங்கள் தாங்க வேண்டிய சுமைகளுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 875-இன்படி இந்தப் பக்கத்துக்கு நாங்கள் எடுக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு 140 கிலோமீட்டர். அதில் பாதி வேகம் அடித்தாலே பத்துக்குப் பத்து கூரையை 200 கிலோவுக்கு மேல் மேலே தூக்கும். உங்கள் கல் எத்தனை கிலோ? 200 கிலோவுக்கே கல் ஏற்றுகிறேன் என்றால், காற்றில்லாத நாளில் அந்தப் பழைய சட்டம் தாங்குமா? அதோடு தகரம் மொத்தமாக எழும்பாது. ஓரம்தான் முதலில் தூக்கும், கல் உருளும், அதற்கப்புறம் கூரையில் பாரமே கிடையாது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றை நம்பி இத்தனை காற்றாலை நட்டிருக்கிறான், அந்தக் காற்றுக்கு உங்கள் அம்மிக்கல் எந்த மூலைக்கு?

கூரையைக் கீழேயிருந்து பிடிக்க வேண்டும். தகரத்தைச் சட்டத்தோடு, சட்டத்தைக் காலோடு, காலை மண்ணோடு. ஒன்று விட்டாலும் மற்ற இரண்டும் வீண். பழைய தகரத்தில் ஏற்கெனவே இருக்கிற ஆணி ஓட்டையில் மறுபடி அடிக்காதீர்கள், கிழித்துக்கொண்டு வரும். புது ஓட்டை போட்டு, வாஷர் வைத்து ஜே போல்ட் (கொக்கி போல வளைந்த போல்ட்) மாட்டுங்கள். கால் மூன்றடி ஆழம் போகட்டும், அடிமுனையில் ஒரு குறுக்குக்கட்டை அடித்துப் புதைத்து, கல்லைப் போட்டு இடித்துக் கெட்டிப்படுத்துங்கள். கல்லுக்கு அங்கேதான் வேலை! மூலைக்கு மூலை சாய்வுக்கட்டை கட்டாயம். காற்று வரும் மேற்குப் பக்கத்தைத் திறந்து போடாதீர்கள்.

உடைத்த வீட்டுப் பனஞ்சட்டம் கிடைத்தால் விடாதீர்கள். வைரம் பாய்ந்ததா என்று கத்தி முனையால் குத்திப் பாருங்கள், பொதபொதவென்று இறங்கினால் அது அடுப்புக்கு.

தகரம்தான் வேண்டும் என்று யார் சொன்னது? பனையேறிகள் பதநீர் காய்ச்சப் போடும் ஓலைக் குடிசையான விடிலியைப் பாருங்கள். தாழ்வாரம் தாழ்ந்திருக்கும், ஆள் குனிந்துதான் நுழைய வேண்டும். ஓலை காற்றைக் கொஞ்சம் உள்ளே விட்டு வெளியே அனுப்பிவிடும், பறந்தாலும் யார் கழுத்தையும் அறுக்காது. ஆனால் அதைப் பார்த்துவிட்டு நீங்களும் ஓலைக்குக் கீழே அடுப்பு மூட்ட வேண்டாம். அவர்கள் கண்ணெடுக்காமல் பக்கத்திலேயே இருப்பவர்கள். கூரைக்கு ஃபிளெக்ஸ் பேனர் போடுவது இன்னும் மோசம், தீப்பிடித்தால் உருகி ஆள் மேலேயே சொட்டும்.

ஓடைக்கரையிலும், குளத்து உள்வாயிலும் (தண்ணீர் தேங்கும் உட்பகுதி) கொட்டகை வேண்டவே வேண்டாம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பெய்ததை இதற்குள் மறந்திருக்க மாட்டீர்கள்.

கடைசியாக, கெஞ்சியே கேட்கிறேன். பழைய கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) ஷீட் சும்மா கிடைக்கிறதென்று வாங்கி வந்து அறுக்காதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. யாராவது இலவசமாகத் தருகிறேன் என்றால், அவரிடமே இருக்கட்டும் என்று சொல்லிவிடுங்கள்.