ஒரிஜினல் என்று எழுதிய பற்றரியும் சொந்தப் பெயர் போட்ட பற்றரியும்

போன ஆவணியில் ஒரு தம்பி கமராவைத் துவாயில் சுற்றிக்கொண்டு என் திருத்து மேசைக்கு வந்தார். மட்டக்களப்பு கல்லடிப் பக்கம் கலியாண வீடாம். கெட்டிமேளம் தொடங்கி மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்த நேரம் கமரா நின்றுவிட்டது.

"அண்ணே, 60 வீதம் காட்டினது. என்ர கண்ணால பார்த்தன். மறுகா ஒண்டுமில்ல, திரை கறுப்பு. போர்ட் போயிற்றா எண்டு பாருங்க."

கூட நின்ற வீடியோக்காரரிடம் அந்தக் காட்சி இருந்ததால் தம்பி அன்றைக்குத் தப்பினார். நான் என் பற்றரியைப் போட்டுப் பார்த்தேன். கமராவில் ஒரு குறையும் இல்லை. அவருடைய பற்றரியைக் கையில் எடுத்தபோதே லேசாக இருந்தது. சின்னத் தராசில் வைத்தேன். என்னிடமிருந்த, கமரா நிறுவனமே செய்த அசலைவிட 17 கிராம் குறைவு. ஆனால் மேலே கெனன் என்று அச்சு, மினுங்கும் ஸ்டிக்கர், பெட்டி, கையேடு எல்லாம் சரியாக இருந்தன. விலை 4,500 ரூபாய். "ஒரிஜினல்தான் எண்டு சொல்லித்தான் தந்தவங்க" என்றார். அசலின் விலையைத் தெரிந்தவர் யாரும் அந்தத் தொகையைக் கேட்டதும் சிரித்திருப்பார்.

மலிவுப் பற்றரி வாங்காதீர்கள் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. என் பையில் இருக்கும் நாலு பற்றரியில் மூன்று வேறு நிறுவனங்கள் செய்தவை. இரண்டு வருடமாக ஓடுகின்றன. நான் பயப்படுவது, அடுத்தவன் பெயரைத் தன் மேல் அச்சடித்துக்கொண்டு வரும் பற்றரிக்கு. சொந்தப் பெயர் போட்டு விற்கிறவருக்கு அந்தப் பெயர் கெடக்கூடாது என்ற கவலையாவது இருக்கும். கள்ளப் பெயர் போட்டவருக்கு என்ன கவலை? பற்றரி வெடித்தாலும் கெட்டுப்போவது கெனனின் பெயர்தானே.

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தால் மிச்சம் விளங்கும். டிஎஸ்எல்ஆர், மிரர்லெஸ் கமராக்களின் பற்றரிகளில் பெரும்பாலானவற்றுக்குள் இரண்டு லித்தியம் அயன் கலங்கள் தொடராக இருக்கும். ஒரு கலம் 3.6 வோல்ட், இரண்டும் சேர்ந்து 7.2. முழுதாக ஏறினால் 8.4. அவற்றோடு விரல் நகமளவு ஒரு பலகை. அளவுக்கு மேல் ஏறாமல், அடிமட்டம் வரை இறங்காமல், ஷோர்ட் ஆனால் உடனே துண்டிக்கும்படி காவல் பார்ப்பது அதுதான். கமராவோடு பேசி மிச்சம் எவ்வளவு என்று சொல்லும் சிப்பும் பல பற்றரிகளில் அதிலேயே இருக்கும். காசு மிச்சம் பிடிக்க நினைக்கிறவர் முதலில் கை வைப்பது கலத்தில், அடுத்தது இந்தப் பலகையில்.

அந்தத் தம்பியின் 60 வீதத்துக்கு வருவோம். எங்கள் ஊர் மணல் கிணறுகளைப் பார்த்திருப்பீர்கள். எட்டிப் பார்த்தால் தண்ணீர் தெரியும். ஊற்று மந்தமாக இருந்தால் மோட்டரைப் போட்டதும் காற்றை இழுக்கும். தரமில்லாத கலமும் பழசான கலமும் அப்படித்தான். சும்மா இருக்கும்போது வோல்ட் நன்றாக நிற்கும், சிப்பும் 60 என்று சொல்லும். ஓட்டோ ஃபோகஸ் சுழன்று, ஷட்டர் தொடர்ந்து அடித்து, திரையும் எரியும்போது கமரா ஒரே இழுவையில் மின்னோட்டம் கேட்கும். கலத்தின் உள்தடை, அதாவது மின்னோட்டத்தை உள்ளேயே தடுக்கும் குணம், கூட என்றால் அந்தக் கணத்தில் வோல்ட் சரிந்து, கமரா தன்னைக் காப்பாற்ற அணைந்துவிடும். திரும்பப் போட்டால் மறுபடி 50, 60 என்று காட்டும். பலர் இதைப் பார்த்துத்தான் கமரா பழுது என்று முடிவுகட்டி இங்கே கொண்டுவருகிறார்கள்.

இனி மில்லி ஆம்பியர் மணி கதை, அதாவது பற்றரி எவ்வளவு மின்னைப் பிடிக்கும் என்ற கணக்கு. கெனனின் எல்பி-ஈ6 பற்றரி 2008இல் 5டி மார்க் 2 கமராவோடு வந்தது, 1800. 2014இல் எல்பி-ஈ6என், 1865. 2020இல் ஆர்5 வந்தபோது எல்பி-ஈ6என்எச், 2130. கூடு அதே அளவுதான். 12 வருடத்தில் கெனனால் கூட்ட முடிந்தது 330. அதே கூட்டுக்குள் ஒருவர் பாதி விலைக்கு 3000 அடைத்திருக்கிறேன் என்றால், 3000 அடைக்கப்பட்டிருப்பது ஸ்டிக்கரில் மட்டும். 2000க்குக் கிட்ட எழுதியிருப்பவரை நான் கூடுதலாக நம்புவேன்.

ஒரு கணக்கும் போட்டுப் பார்க்கலாம், கல்குலேட்டர் போதும். வோல்ட்டை ஆம்பியர் மணியால் (ஆயிரம் மில்லி ஆம்பியர் மணி ஒரு ஆம்பியர் மணி) பெருக்கினால் வோட் மணி, அதாவது பற்றரியின் மொத்தச் சக்தி, வரவேண்டும். சோனியின் என்பி-எஃப்இசட்100 இல் 7.2 வோல்ட், 2280 மில்லி ஆம்பியர் மணி, 16.4 வோட் மணி என்று இருக்கும். 7.2ஐ 2.28ஆல் பெருக்குங்கள், சரியாக வரும். ஒரு போலியில் 2600 என்று எழுதிவிட்டு வோட் மணியைப் பழைய 16.4 ஆகவே விட்டிருந்தார்கள். இரண்டும் ஒரே ஸ்டிக்கரில், ஒன்றுக்குக் கீழே ஒன்று.

வாங்கும்போது நான் செய்வது இதுதான். சொந்தப் பெயரும் உத்தரவாதமும் உள்ள ஒன்றை, பில் தருகிற கடையில், முதலில் ஒன்றே ஒன்று வாங்குவேன். மூன்று வாங்கினால் விலை குறைத்துத் தருகிறேன் என்பார்கள், அது பிறகு. வீட்டில் அசலையும் புதியதையும் முழுதாகச் சார்ஜ் செய்து, அதே கமரா, அதே லென்ஸ், அதே செட்டிங்கில் ஃபான் ஒன்றைப் பார்த்தபடி வீடியோ ஓடவிடுவேன். பழைய கமராக்கள் 29 நிமிடம் 59 செக்கனில் தானாக நின்றுவிடும், பக்கத்தில் இருந்து திரும்ப அமத்த வேண்டும். அசல் 100 நிமிடம் ஓடினால் புதியது 75, 80 ஓடட்டும், எனக்குப் போதும். அதைவிட முக்கியம், அது எப்படிச் சாகிறது என்பது. 20, 10, 5 என்று இறங்கிச் செத்தால் நல்ல பிள்ளை. 40இல் இருந்து திடீரென்று விழுந்தால் கடைக்குத் திருப்பிக் கொடுங்கள். பிறகு மார்க்கரால் வாங்கிய மாதத்தைப் பற்றரி மேல் எழுதிவிடுவேன். ஆறு மாதத்துக்கொரு தடவை இதே சோதனை. சோம்பல் பிடித்த வேலைதான். ஆனால் பொம்பிளை வீட்டாரிடம் மன்னிப்புக் கேட்பதைவிட லேசு.

சிப் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. வேறு நிறுவனப் பற்றரியைப் போட்டால் சில கமராக்கள் இந்தப் பற்றரியோடு பேச முடியவில்லை என்று கேட்கும்; சம்மதம் கொடுத்தால் வேலை செய்யும், மிச்ச வீதம் மட்டும் காட்டாது. சில கமரா மறுத்தே விடும். நேற்றுவரை ஏற்றுக்கொண்ட கமரா, ஃபேர்ம்வெயர் என்கிற அதன் உள் மென்பொருளை அப்டேட் செய்த பிறகு மறுப்பதும் உண்டு. அதனால் நாளைக்கு வேலை இருக்கும்போது இரவு அப்டேட் போடாதீர்கள். கம்பனி சார்ஜரும் சிலவற்றை ஏற்றாது. அப்போது பற்றரியோடு வருகிற யுஎஸ்பி இரட்டைச் சார்ஜர்தான் கதி. அந்தச் சார்ஜரை ஆள் இல்லாத வீட்டில், மெத்தை மேல் குத்திவிட்டுப் போகிற பழக்கம் மட்டும் வேண்டாம்.

எங்கள் பக்கத்து வெயில் இன்னொரு எதிரி. பாசிக்குடாவில் அவுட்டோர் எடுத்துவிட்டுப் பையை வானின் டாஷ்போர்டில் வைக்கிறார்கள். கண்ணாடி மூடிய வாகனத்துக்குள் வைத்த பற்றரியைத் திரும்பி வந்து தொட்டால் கை சுடும். அப்படிச் சுடச்சுடச் சார்ஜரில் போடுவது கலத்தின் ஆயுளைத் தின்கிற வேலை. ஆறவிட்டு ஏற்றுங்கள். கலியாணமில்லாத மாதங்களில் முழுதாக ஏற்றியும் வைக்காமல், காலியாகவும் வைக்காமல், பாதி அளவில் குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள்.

சரி, எல்லாம் அசலே வாங்கிவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். வசதி இருந்தால் வாங்குங்கள். இல்லாவிட்டால் முதன்மைக் கமராவுக்கு ஒரு அசல், அதைத் தாலி கட்டுக்கு முன் மாற்றிப் போடுங்கள். விருந்துக்கும் குடும்பப் படங்களுக்கும் மற்றவை போதும். கனடாவுக்கும் சுவிஸுக்கும் நேரலை கொடுக்கிறவர்கள் பற்றரியையே நம்பாமல், பற்றரி வடிவில் வயரோடு வருகிற டம்மியைப் போட்டு அடப்டரில் ஓட்டுவது புத்தி.

வெளிநாட்டிலிருந்து வரும் மச்சானிடம் சொல்லி எடுப்பிக்கிறவர்கள் கவனிக்க: தனியாக இருக்கும் லித்தியம் பற்றரி கைப்பையில்தான் வரவேண்டும், ஏற்றிவிடுகிற பெட்டியில் போடக்கூடாது. 100 வோட் மணிக்குக் குறைந்தவற்றுக்குப் பொதுவாகத் தனி அனுமதி தேவையில்லை. கமராப் பற்றரி எல்லாம் அதற்கு எவ்வளவோ கீழே. முனைகளில் மூடி போட்டோ டேப் ஒட்டியோ கொண்டுவரச் சொல்லுங்கள்.

கடைசியாக, வீங்கிய பற்றரி. மாதத்துக்கு ஒன்றாவது வருகிறது. கலத்துக்குள் வாயு உண்டாகி வயிறு தள்ளி, கமராவின் பற்றரி அறைக்குள் இறுகிவிடும்; கதவு திறக்கும், பற்றரி வராது. போன கிழமை ஒருவர் ஸ்க்ரூட்ரைவரால் நெம்பிவிட்டுக் கொண்டுவந்தார். உறையில் ஆழமாக ஒரு கீறல், இன்னும் ஒரு மில்லிமீற்றர் போயிருந்தால் கலம் கிழிந்து கைக்குள்ளேயே தீப்பிடித்திருக்கும். நான் கமராவின் அடித்தகட்டைக் கழற்றி, பக்கச் சுவரைத் தளர்த்தி, துணி நாடாவால் மெல்ல இழுத்து எடுத்தேன். முக்கால் மணித்தியாலம். அவர் கதிரையில் இருந்து, "அதை இன்னொருக்காச் சார்ஜ் போட்டுப் பார்க்க ஏலாதா அண்ணே?" என்று கேட்டார்.

ஏலாது. முனைகளில் டேப் ஒட்டி, கடைக்குப் பின்னால் வெளியில் இருக்கும் பால்மா டின்னுக்குள் போட்டேன். டின்னில் உலர்ந்த கட்டிட மணல். கடற்கரை மணலில் உப்பும் ஈரமும் இருக்கும், அது வேண்டாம். வீட்டுக் குப்பையோடு போட்டால் குப்பை லொறியில் நசுங்கித் தீப்பிடிக்கும், வாவியில் எறிவதைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. உங்களிடம் வீங்கியது இருந்தால் நெம்பாமல், ஏற்றாமல் கொண்டுவாருங்கள். டின்னில் இன்னும் இடமிருக்கிறது.