யாரும் மறுக்கவில்லை என்றால் எல்லாருக்கும் சம்மதம் என்று அர்த்தமில்லை

போன வாரமும் அதேதான் நடந்தது. 22 பேர் உட்கார்ந்த கூட்டம், ஒன்றரை மணி நேரம். பேசியவர்கள் நான்கு பேர். தலைமை வகித்தவர் கோப்பை மூடிக்கொண்டே, "யாருக்காவது ஏதாவது சொல்லணுமா? இல்லையா? சரி, எல்லாருக்கும் சம்மதம்" என்றார். கேள்விக்கும் முடிவுக்கும் நடுவில் இரண்டு விநாடிகூட இல்லை.

எல்லாரும் கலைந்த பிறகு, கூட்டத்தில் பேசிய வேலையை அன்றாடம் செய்கிற பெண் ஒருவர் நான்காக மடித்த தாளோடு நின்றுகொண்டிருந்தார். பிரித்துக் காட்டச் சொன்னேன். பென்சிலில் மூன்று வரி. சொன்ன தேதிக்குள் வேலை ஏன் முடியாது என்பதற்கு மூன்று காரணங்கள். மூன்றாவதை அடித்துவிட்டு மறுபடி எழுதியிருந்தார்.

"ஏம்மா உள்ள சொல்லல?"

"சார்தான் முதல்லயே முடியும்னு சொல்லிட்டாரே மேடம். அதுக்கப்புறம் நான் எப்படி ஆரம்பிக்கறது?"

கலந்துரையாடல்களை நடத்திக்கொடுப்பதே என் தொழில். இப்படி மடித்த தாள்களை நிறையப் பார்த்துவிட்டேன். அதனால்தான் கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன்.

மௌனம் சம்மதம் என்ற பேச்சைக் கூட்டங்களிலாவது விட்டுவிடுங்கள். ஒருவர் யோசித்துக்கொண்டிருப்பார். ஒருவருக்குக் கேள்வியே புரிந்திருக்காது. இன்னொருவர் போன தடவை வாய் திறந்து வாங்கிக் கட்டிக்கொண்டவர். வேறொருவர் மனதுக்குள் மறுத்துவிட்டு, வேலையில் அதைக் காட்டிக்கொள்ளலாம் என்று இருப்பார். வெளியே பார்த்தால் நான்கும் ஒரே மாதிரிதான் தெரியும். "சிலருக்குப் பேசுகிற சுபாவமே இல்லை" என்று சொல்கிறவர்கள், அதே ஆட்கள் படிக்கட்டில் இறங்கும்போது என்ன பேசுகிறார்கள் என்று ஒருநாள் காது கொடுத்துக் கேளுங்கள். சுபாவத்தின் மேல் பழி போட்டுவிட்டால் நடத்துபவருக்குப் பொறுப்பு இல்லாமல் போய்விடுகிறது. என்னால் பொறுக்க முடியாதது அதுதான்.

சாலமன் ஆஷ் 1951-இல் கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொல்லி நடத்திய சோதனையை உளவியல் படித்தவர்கள் அறிவார்கள். குழுவில் சோதிக்கப்படுபவர் ஒருவரைத் தவிர மற்ற எல்லாரும் முன்பே பேசிவைத்துக்கொண்டு தவறான விடையைச் சொன்னார்கள். கண்ணுக்கு எதிரே விடை தெரிந்தும், அப்படிச் சோதிக்கப்பட்டவர்களில் நான்கில் மூன்று பேர் ஒருமுறையாவது கூட்டத்தோடு சேர்ந்து தவறாகச் சொன்னார்கள். எனக்கு முக்கியம் அதற்கடுத்த பகுதி. குழுவில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னாலே போதும், இந்தப் பணிவு வெகுவாகக் குறைந்துவிட்டது. அந்த முதல் ஆளுக்கு இடம் ஏற்படுத்திக் கொடுப்பதுதான் நடத்துபவரின் வேலை. வெறும் கோட்டுக்கே இப்படியென்றால், சம்பளமும் பதவியும் கலந்த அறையில் கேட்கவே வேண்டாம்.

ஆகவே, அறையில் பதவியில் பெரியவர் யாரோ அவர் கடைசியில் பேசட்டும். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருங்கள். கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்பறைகளில் அளந்து பார்த்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்ட பிறகு சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியதும் பதில்கள் நீளமாயின, அதுவரை பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். பெரியவர்கள் கூட்டத்தில் நான் மனதுக்குள் பத்து வரை எண்ணுவேன். ஆறாவது எண்ணில் நடத்துபவருக்குத்தான் தவிப்பு வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேச்சுக்கு முன் எழுத்து. ஐந்து நிமிடம் தாளும் பேனாவும் கொடுங்கள், பிறகு இரண்டிரண்டு பேராகப் பேசவிடுங்கள், அதன் பிறகு பொதுவில் கேளுங்கள். எல்லாரும் கூடிப் பேசினால்தான் யோசனை பெருகும் என்பார்கள். டீல், ஸ்ட்ரோப என்ற உளவியலாளர்கள் இருவரும் 1987-இல் செய்த ஆய்வில், தனித்தனியாக யோசித்தவர்களின் பட்டியல்களைச் சேர்த்தபோதுதான் அதிக யோசனைகள் கிடைத்தன. ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டியதே பெரிய தடை.

"புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். "இதைச் செய்யப்போனால் முதலில் எங்கே இடிக்கும்?" என்று கேளுங்கள். வரிசையாகக் கைகாட்டி "நீங்க சொல்லுங்க, அடுத்து நீங்க" என்று மிரட்டவும் வேண்டாம். அதற்குப் பெயர் பங்கேற்பு இல்லை, வருகைப் பதிவு. இப்போது வேண்டாம் என்று சொல்லவும் ஒருவருக்கு உரிமை இருக்கட்டும்.

வாக்குவாதம் முற்றினால் உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1951-இல் சொன்ன வழி எனக்கு இன்றும் கைகொடுக்கிறது. எதிராளி சொன்னதை, அவர் "ஆமாம், அதைத்தான் சொன்னேன்" என்று ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொன்ன பிறகே உங்கள் மறுப்பைப் பேசலாம். பலருக்கு முதல் முயற்சியில் வராது. அந்தத் தடுமாற்றத்தில்தான் இவ்வளவு நேரம் காதில் வாங்காமலே வாதாடியிருக்கிறோம் என்று தெரியவரும்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. முதன்முறையாக வாய் திறந்தவரை உடனே திருத்தாதீர்கள், தயவுசெய்து. அவர் சொன்னதைப் பலகையில் அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள்.

அந்தக் குழு வரும் வியாழக்கிழமை மறுபடி கூடுகிறது. தலைமை வகித்தவரோடு பேசிவிட்டேன். கடைசியில் பேச ஒத்துக்கொண்டார். முதல் ஐந்து நிமிடம் எல்லாரும் எழுதப்போகிறார்கள். அந்தப் பெண்ணிடம் தாளைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.